யன்னலை மறைத்த கொப்பு

அன்று காலை நான் யன்னலடியில் இருந்து பாடசாலைச் சட்டை ஒன்றுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். பத்து மணி இருக்கும். வளவு மணலில் வெயில் ஏறிவிட்டது. கட்டிலில் இவர் வழக்கம்போல வெளியே பார்த்தபடி கிடந்தார். பார்த்தபடி என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். கண் வெளியே இருக்கும், அவ்வளவுதான்.

கட்டில் சட்டத்தில் இரண்டு தரம் தட்டும் சத்தம் கேட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். இவருடைய இடக்கை விரல் சட்டத்தைத் தட்டிவிட்டு யன்னல் பக்கம் நீண்டிருந்தது. வெளியே வாழைப்பொத்தியின் நுனியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது ஒரு தேன்சிட்டு. கழுத்தில் ஊதா மினுக்கம், வயிற்றில் மஞ்சள். வளைந்த சொண்டைப் பூவுக்குள் விட்டுவிட்டு எடுத்தது. ஒவ்வொரு தரமும் வால் நடுங்கியது.

"குருவியா? குருவியையா காட்டுறீங்க?"

இவர் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் வாயின் இடப்பக்கம் கொஞ்சம் மேலே போயிருந்தது.

படுக்கையில் விழுந்து ஐந்து மாதம். தண்ணீர் வேண்டுமென்றால் முனகுவார், மூத்திரப் போத்தல் வேண்டுமென்றாலும் முனகுவார். அன்று அவர் தனக்கென்று எதையும் கேட்கவில்லை. நானும் பார்க்கட்டும் என்று ஒன்றைக் காட்டினார்.

அந்தச் சட்டையில் ஒரு பொத்தானை இடம் மாற்றித் தைத்திருந்ததைப் பின்னேரம்தான் கண்டேன். பிரித்து மறுபடி தைத்தேன். தைக்கும்போது சிரிப்பு வந்தது.

குரலால் உழைத்தவர்

இந்தத் தொடரில் இவரைப் பற்றி எழுதுவதில்லை என்று இருந்தேன். தையல் மெசினைப் பற்றி, என் அம்மாவைப் பற்றி, அகதி முகாமில் நாங்கள் ஒரு குடத்துத் தண்ணீரில் மூன்று பேர் குளித்ததைப் பற்றியெல்லாம் எழுதினேன். வாசித்த சிலர், "உங்கட வீட்டுக்காரரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே" என்று கேட்டு எழுதியிருந்தார்கள். எழுத முடியவில்லை என்பதுதான் உண்மை. இந்தக் கிழமை முயன்று பார்க்கிறேன்.

இவர் என்று நான் சொல்வது என் கணவர் தங்கராசாவை. மட்டக்களப்பு கல்முனை பாதையில் முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் கொண்டக்டராக இருந்தவர். எங்கள் வீடு குருக்கள்மடத்தில், பெரிய றோட்டிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது. றோட்டில் பஸ் வரும்போது குசினிக்குள் இருக்கும் எனக்கு இவருடைய சத்தம் கேட்கும். "செட்டிபாளையம், களுதாவளை, களுவாஞ்சிகுடி, பெரியகல்லாறு, கல்முனை" என்று ஒரே மூச்சில் சொல்வார். மற்றக் கொண்டக்டர்மாரும் அதையேதான் சொல்வார்கள். இவர் சொன்னால் அந்த ஊர்களில் ஏதோ திருவிழா நடக்கிற மாதிரி இருக்கும்.

நான் அவரைக் கண்டதும் அந்தப் பஸ்ஸில்தான். அப்போது களுவாஞ்சிகுடிக்குத் தையல் வகுப்புக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். ஒருநாள் காலை அசதியில் தூங்கி, இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டேன். பெரியகல்லாற்றுப் பாலம் ஏறும்போதுதான் கண் விழித்தேன். இரண்டு பக்கமும் வாவித் தண்ணீர்.

"தையல் மிஸ், இண்டைக்கு மீனுக்கா சட்டை தைக்கப் போறீங்க?" என்று இவர் கேட்டார். பஸ் முழுதும் சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த தரிப்பில் இறக்கி, எதிரே வந்த பஸ்ஸை மறித்து, அந்தக் கொண்டக்டரிடம் "இவங்கள் எங்கட ஆள், பக்குவமா இறக்கி விடு" என்று சொல்லி ஏற்றிவிட்டார். எங்கட ஆள் என்ற சொல் அன்று முழுதும் காதில் நின்றது. அடுத்த வருஷம் கலியாணம் நடந்தது.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி இருவரும் நிறையப் பேசி, பிறகு பேசாமல் விட்டுவிட்டோம். வீட்டில் இவருடைய கதையே நாலு பிள்ளைகளின் சத்தத்துக்குச் சமமாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் வாய் ஓயவில்லை. மெசினுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, எப்போதோ பஸ்ஸில் ஏறிய ஒருத்தர் ஆட்டுக்குட்டிக்கு அரை டிக்கட் கேட்ட கதையை நூறாவது தரமும் சொல்வார். நான் "ம்" போடாவிட்டால் கோபம் வரும்.

ஒரு நாள் காலை கிணற்றடியில் பல் விளக்கிவிட்டு உள்ளே வந்தார். துவாய் தோளில் கிடந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். சொல்லாக வரவில்லை. வாய் ஒரு பக்கம் இழுபட்டிருந்தது. வலக்கை துணிபோலத் தொங்கியது. நான் பிடிப்பதற்குள் நிலத்தில் இருந்துவிட்டார்.

பாரிசவாதம். ஆஸ்பத்திரியில் டொக்டர் விளக்கமாகத்தான் சொன்னார். "அம்மா, நீங்க பறையிறது எல்லாம் அவருக்கு விளங்கும். தான் என்ன சொல்ல வேணும் எண்டும் தெரியும். சொல்லுத்தான் வெளியில வராது."

வீட்டுக்குக் கொண்டுவந்து, முன் அறையில் யன்னலோடு கட்டிலைப் போட்டேன். இயங்குகிற இடப்பக்கம் யன்னலை ஒட்டி இருக்கும்படி. என் மெசினும் அதே அறைதான். முதல் நாள் பின்னேரம் றோட்டில் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. யாரோ புதுக் கொண்டக்டர் ஊர்களைச் சொல்லிக்கொண்டு போனான். இவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. துடைத்துவிட்டேன். அன்று நான் மெசினை மிதிக்கவில்லை.

கனடாவிலிருந்து வந்த சிவப்புப் போத்தல்

புஷ்பம் மச்சாள் இவருடைய ஒரே தங்கை. கனடாவுக்குப் போய் இருபது வருஷத்துக்கு மேலாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வருவாள். அண்ணனைப் பார்த்து அழாமல் கதைக்க வேண்டும் என்பதற்காக என்னென்னவோ சொல்வாள். தேன்சிட்டு வந்த கிழமை அவளுக்கு அந்தக் கதையைச் சொன்னேன்.

"அண்ணன் தட்டிக் காட்டினவரா? மெய்யாவா மச்சாள்?"

"ஓம் மச்சாள். ரெண்டு தரம் தட்டினார்."

 அவள் போனை எடுத்துக்கொண்டு தன் வீட்டுப் பின்பக்கம் போனாள். அங்கே ஒரு சிவப்புப் போத்தல் தொங்கியது. கீழே பிளாஸ்ரிக் பூக்கள். "இதுக்குச் சீனித்தண்ணி விட்டு வைப்பன். ஹம்மிங் பேர்ட் வரும். எங்கயும் குந்தாது. அந்தரத்தில நிண்டு குடிக்கும். உங்களுக்கும் ஒண்டு அனுப்பிறன்."

"இஞ்ச அந்தக் குருவி இல்லையே மச்சாள்."

"அது இல்லாட்டி அதுட சொந்தக்காரர் இருக்குந்தானே. வந்து குடிக்கட்டும்."

சித்தாண்டிக் கோயில் திருவிழாவுக்கு வந்த ஒரு குடும்பத்திடம் கொடுத்து அனுப்பினாள். பெட்டியில் ஹம்மிங் பேர்ட்டின் படம் இருந்தது. பச்சை முதுகும் ஊசிச் சொண்டுமாக, சிறகு இரண்டும் புகைபோல. இவரிடம் காட்டினேன். படத்தை இடக்கை விரலால் தடவிப் பார்த்தார்.

நாலு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு சீனி. மச்சாள் சொன்னபடி காய்ச்சி ஆறவைத்து ஊற்றி, வாழை மரத்துக்குப் பக்கத்தில் கம்பியில் கொழுவினேன். முதல் நாள் எறும்பு வந்தது. கம்பியில் எண்ணெய் பூசினேன். இரண்டாம் நாள் அணில் வந்து ஒரு பிளாஸ்ரிக் பூவைக் கடித்துக் கழற்றிக்கொண்டு போனது. மூன்றாம் நாள் குளவி. எங்கள் வெக்கைக்குச் சீனித்தண்ணி ஒரு பகல் தாங்காமல் புளித்தது.

பக்கத்து வளவு நேசம் அக்கா வேலிக்கு மேலால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார். "என்னகா செல்வி, வளவுக்க கள்ளுக்கொட்டில் ஒண்டு துறந்திருக்காய் போல."

கட்டிலில் இருந்து ஒரு சத்தம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். இவர் சிரிக்கிறார். முகத்தில் பாதிதான் சிரித்தது. மறு பாதி அப்படியே இருந்தது. நானும் நேசம் அக்காவும் யன்னலின் இரண்டு பக்கமும் நின்று அந்தப் பாதிச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

உப்பு மண்ணில் பூ

போத்தலைக் கழற்றிவிட்டு, பூ வைப்பதென்று முடிவு செய்தேன்.

எங்கள் வளவில் பூ வைப்பது லேசான காரியம் இல்லை. கடல் வந்த வருஷம் தண்ணீர் வீட்டுக்குள் ஒரு ஆள் உயரத்துக்கு நின்றுவிட்டுப் போனது. அதற்குப் பிறகு கனகாலம் இந்த மண்ணில் ஒன்றும் முளைக்கவில்லை. நட்டதெல்லாம் நுனி கருகிச் செத்தது. கிணற்றுத் தண்ணீர் கரித்தது. மழை மழையாகப் பெய்து உப்பு கழுவப்பட்டுத்தான் முதலில் வாழை பிடித்தது. அந்தக் காலத்தில் இவர் பஸ்ஸில் வரும்போது வாவிக்கு அங்கால் படுவான்கரைப் பக்கத்து ஆட்களிடம் கேட்டு உரப்பைகளில் வயல் மண் கொண்டுவருவார். பயணிகள் முணுமுணுத்தால், "கொஞ்சம் காலை ஒதுக்குங்க, எங்கட வளவுக்குச் சீதனம் போகுது" என்பார்.

நேசம் அக்கா செவ்வரத்தைத் தடிகள் வெட்டித் தந்தார். ஏற்கெனவே யன்னலுக்கு அருகே ஒரு செவ்வரத்தை பெரிதாக நின்றது. அதைச் சுற்றி நாலு தடி ஊன்றினேன். கனகாம்பரம், எக்சோரா, நேசம் அக்காவின் கோயில் வளவிலிருந்து ஏதோ குழல்போலப் பூக்கிற ஒரு கொடி. விடிய எழும்பி இவரைக் கழுவித் துடைத்து, கஞ்சி பருக்கி, பிறகு தண்ணீர் அள்ளி ஊற்றுவேன். ஊற்றும்போது அவர் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு செடியைத் தவறவிட்டால் சட்டத்தைத் தட்டுவார்.

மாரி மழை விட்ட பிறகு வளவு சிவந்துவிட்டது. தேன்சிட்டு ஒன்று வந்த இடத்தில் சோடியாக வரத் தொடங்கியது. சேவல்தான் ஊதாவும் மஞ்சளும். பேட்டுக்கு நிறம் குறைவு, சாம்பல் முதுகு. இவர் எனக்கு ஒரு பாஷை பழக்கினார். சேவல் வந்தால் ஒரு தட்டு, பேடு வந்தால் இரண்டு. நான் மெசினில் இருந்தபடியே, "ஆர், பொம்பிளையா வந்திருக்கா?" என்று கேட்பேன். இன்னும் இரண்டு தட்டுவார்.

அந்த இரண்டு மாதமும் அவர் ஒழுங்காகச் சாப்பிட்டார். ஆஸ்பத்திரியில் சொல்லித் தந்த பயிற்சிக்குக் கையை நீட்டச் சொன்னால் நீட்டினார். தாடி வழித்துவிடும்போது முகத்தைத் திருப்பித் தந்தார். மனதுக்குள் நான் ஒரு கணக்குப் போட்டேன். கை வந்தால் கால் வரும், கால் வந்தால் வாய் வரும் என்று. அப்படி ஒரு கணக்கை எந்த டொக்டரும் எனக்குச் சொல்லவில்லை.

கூடு

பங்குனி பிறந்த கையோடு பேடு சொண்டில் நார் கொண்டுவந்தது. முதலில் எங்கே போகிறது என்று தெரியவில்லை. பிறகு கண்டேன். யன்னலுக்கு நேரே செவ்வரத்தையின் பதிந்த கொப்பில் சிலந்தி வலையையும் பஞ்சையும் மரப்பட்டைத் துண்டுகளையும் வைத்துப் பின்னிக்கொண்டிருந்தது. சின்னப் பை ஒன்று கொப்பில் தொங்குவது போல இருந்தது. நான் வெட்டிப் போட்ட வெள்ளை நூல் துண்டு இரண்டும் அதற்குள் இருந்தன. கூரை போல ஒரு தாழ்வாரம், அதற்குக் கீழே வாசல்.

இவ்வளவு மரம் இருக்க, ஆள் இருக்கிற யன்னலுக்கு இரண்டு முழம் தள்ளி அது கூடு கட்டியது. நேசம் அக்கா வந்து பார்த்து, "உன்ட மனிசன நம்பிக் கட்டியிருக்கு" என்றார். இவர் கண்ணை மூடித் திறந்தார். அது அவருடைய ஓம்.

முட்டை இட்டு, அடைகாத்து, குஞ்சு பொரித்தது எங்களுக்குச் சத்தத்தில்தான் தெரிந்தது. தாய் வரும்போது கீச்சுக் கீச்சென்று மெல்லிய சத்தம். சேவலும் இரை கொண்டுவந்தது. ஒரு தட்டு, இரண்டு தட்டு, ஒரு தட்டு. பகல் முழுக்க அவர் விரல் ஓயவில்லை.

ஒரு குறை இருந்தது. கட்டிலில் இருந்து பார்த்தால் கூட்டின் அடிப்பாகம்தான் தெரியும். வாசலுக்கு முன்னால் இன்னொரு கொப்பு இலையடர்ந்து மறைத்தது. நான் எழுந்து நின்று பார்த்தால் இரண்டு குஞ்சுகளின் மஞ்சள் வாயும் தெரிந்தது. அவர் எழுந்து நிற்க முடியாதே.

இதை எழுதாமல் விடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன்.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் குசினிக் கத்தியோடு வெளியே போய் ஸ்டூலில் ஏறினேன். யன்னல் கம்பிக்கு அங்கால் அவர் முகம். "இஞ்ச பாருங்க, இந்தக் கொப்புத்தான் உங்களுக்கு மறைக்குது. வெட்டிரட்டா?"

அவர் இடக்கையைத் தூக்கி ஆட்டினார். வாயைக் கஷ்டப்பட்டுத் திறந்தார். "வே... வே..." என்றார்.

அந்த நாட்களில் அவர் ஒரு எழுத்தை வெளியே கொண்டுவருவதே பெரிய விஷயம். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "ஓம் ஓம், வெட்டுறன், அவசரப்படாதேங்க" என்று சிரித்துக்கொண்டே வெட்டினேன். அவர் இன்னும் பலமாகக் கையை ஆட்டினார். "வே..." என்றார் மறுபடி. பக்கத்தில் இருந்த சின்னக் கொப்பையும் வெட்டினேன்.

உள்ளே வந்து அவருடைய தலையணையை உயர்த்தி வைத்தேன். கூடும் வாசலும் இரண்டு வாயும் நன்றாகத் தெரிந்தன. "இப்ப வடிவாத் தெரியுதா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அன்று வாசிக்கவில்லை.

சனிக்கிழமை

சனிக்கிழமை காலை குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். முன் அறையில் இவர் முனகினார். மூத்திரப் போத்தலுக்குத்தான் என்று நினைத்து, "இந்தா வாறன்" என்றேன். அரை மூடி மிச்சம் இருந்தது. அதைத் திருவி முடித்துவிட்டுப் போவோம் என்று இருந்தேன். முனகல் கத்தலாக மாறியது. தட்டுகிற சத்தம், ஒன்றும் இரண்டும் இல்லை, விடாமல். பிறகு ஏதோ விழுந்த மாதிரி ஒரு சத்தம்.

ஓடினேன். இவர் கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தார். இடக்கை யன்னல் கம்பியைப் பிடித்திருந்தது. பிடித்த பிடியில் மேல் உடம்பைக் கம்பி வரைக்கும் இழுத்திருக்கிறார். இழுத்தபோது கால் சரிந்து நிலத்துக்குப் போய்விட்டது. முகம் கம்பியில் அழுத்தியபடி இருந்தது. நெற்றியில் கம்பியின் தடம்.

வெளியே கூடு கிழிந்து ஒரு பக்கம் நூலில் தொங்கியது. கிணற்றுக் கட்டின் மேல் ஒரு காகம். அதன் காலுக்குக் கீழே இருந்ததை நான் எழுதமாட்டேன்.

இரண்டையும் அவருக்கு முன்னாலேதான் எடுத்திருக்கிறது. நான் தேங்காய் திருவி முடிக்கிற நேரத்துக்குள்.

கம்பியிலிருந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியிருந்தது. நேசம் அக்கா சத்தம் கேட்டு வந்து காலைப் பிடித்தார். இருவருமாகத் தூக்கிக் கிடத்தினோம். அப்போது பேடு திரும்பி வந்தது. சொண்டில் ஒரு சின்னப் புழு. கூட்டின் வாசல் இருந்த இடத்தில் அந்தரத்தில் சிறகடித்தபடி நின்றது. கொப்பில் போய் இருந்தது. திரும்பவும் வந்து அந்த வெறும் இடத்தில் நின்றது. எத்தனை தரம் என்று எனக்குத் தெரியாது. புழுவை விழுங்கவும் இல்லை, போடவும் இல்லை.

நேசம் அக்கா வெட்டுண்ட கொப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "காகத்துக்கு என்னகா தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, தண்ணீர் எடுக்கக் குசினிக்குப் போனார். நல்ல மனுசி.

ஒரு சொல்

அதற்குப் பிறகு இவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டார். யன்னல் பக்கம் திருப்பிவிட்டால் கண்ணை மூடிக்கொள்வார். பயிற்சிக்குக் கை நீட்டுவதில்லை. கஞ்சியை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் இருப்பார். நான் பொறுத்துப் பார்த்தேன். பத்து நாள் போயிருக்கும், சோடி மறுபடி வாழைப்பொத்திக்கு வந்தது. நான் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை. தட்டும் இல்லை.

"இஞ்ச பாருங்க, திரும்பவும் வந்திருக்குதுகள். வேற கூடு கட்டப் போகுதுகள். இந்த முறை நான் ஒண்டையும் தொடமாட்டன். யன்னலைத் துறக்கட்டா?"

அவர் தலையைத் திருப்பினார். உதடு நடுங்கியது. முகத்தில் நரம்பு புடைத்தது.

"வே... வேணாம்."

தெளிவாகச் சொன்னார். ஒரு வருஷத்துக்கு மேல் போன பிறகு முதற் சொல். ஒரு நொடி நான் சாமி அறைப் பக்கம் திரும்பிக் கையெடுத்துவிட்டேன். கை பாதி உயரத்தில் நின்றுவிட்டது.

வியாழக்கிழமை பின்னேரம் ஸ்டூலில் நான் நின்றபோது கேட்டது அந்த "வே"தான். வெட்டு என்று சொல்லவில்லை அவர். வேணாம் என்றுதான் சொல்லியிருக்கிறார். இரண்டு தரம் சொல்லியிருக்கிறார், கையை ஆட்டியாட்டிச் சொல்லியிருக்கிறார். முப்பது வருஷம் றோட்டில் சத்தம் போட்டு எத்தனை பேரைச் சரியான இடத்தில் இறக்கிவிட்ட மனிதர், தன் வாயில் மிஞ்சியிருந்த ஒற்றை எழுத்தைக் கொண்டு இரண்டு குஞ்சுகளைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார். நான் சிரித்துக்கொண்டு வெட்டியிருக்கிறேன்.

"அண்டைக்கும் இதையா சொன்னீங்க?" என்று கேட்டேன். 

அவர் கண்ணை மூடித் திறந்தார்.

கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தேன். "எனக்கு விளங்கல்லயே. மெய்யா எனக்கு விளங்கல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கோபமாக அவர் ஏதும் காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் புஷ்பம் மச்சாள் வந்தாள். நேசம் அக்கா அவளுக்கு முன்பே சொல்லிவிட்டிருந்தார். "அண்ணன், பேசிறீங்களாமே? என்னோட ஒண்டு பேசுங்க" என்று கெஞ்சினாள். அவர் அவளுடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வேணாம்" என்றார். அவள் சந்தோசத்தில் அழுதாள். "கடவுளே, பேசிறார் மச்சாள், அண்ணன் பேசிறார்" என்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள். அவளுக்கு நான் எதையும் விளக்கவில்லை.

கிளினிக்கில் டொக்டரும் நல்ல அறிகுறி என்றுதான் சொன்னார். ஒரு சொல் வந்தால் மற்றவை வரலாம், தொடர்ந்து பேச்சுக் கொடுங்கள் என்றார். கொடுக்கிறேன். மாதங்கள் போய்விட்டன. வேறு சொல் வரவில்லை. சோறு தரட்டா என்றால் வேணாம். கால் பிடித்துவிடட்டா என்றால் வேணாம். மருந்துக் குளிசையைக் காட்டினாலும் அதேதான். சில நாள் நான் ஒன்றும் கேட்காமலே சொல்கிறார், கூரையைப் பார்த்து, யாருக்கென்று தெரியாமல். கஞ்சியை நான் கெஞ்சிக் கெஞ்சிப் பருக்குகிறேன். ஆள் பாதியாகிவிட்டார்.

செடிகளுக்கு இப்போது தண்ணீர் ஊற்றுவதில்லை. செவ்வரத்தை மட்டும் தன் பாட்டில் பூக்கிறது. யன்னல் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறேன். பகலிலும் லைட் போட்டுத்தான் தைக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருந்த பின்னேரம் மெசினை மூடிவிட்டு அவருக்கு அருகே கதிரையை இழுத்துப் போட்டேன். அவருடைய இடக்கையை எடுத்து மடியில் வைத்தேன். விரல்கள் மெலிந்து சில்லென்று இருந்தன.

"நான் கொஞ்ச நேரம் பக்கத்தில இருக்கட்டா?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"வேணாம்."

நான் எழுந்து போகவில்லை. போவதற்கு எனக்கு வேறு இடம் இல்லை.